பெஞ்சில் பத்துப் பேர்

அந்தப் புதன்கிழமை சுகாதார நிலையத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பே இறந்துபோனவர்கள். பதிவேட்டில் பத்துப் பெயர்களும் ஒரே மையில்தான் இருக்கின்றன.

அது அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசி. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்து பொடியைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். போன வருஷம் நர்ஸம்மா இரண்டே குழந்தைகளுக்காக ஒன்றைத் திறந்துவிட, எட்டுப் பேர் மருந்து வீணானது ஏன் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். இன்னொரு முறை நடந்தால் இடமாற்றம் என்றார். அதிலிருந்து பெஞ்சில் பத்துக் குழந்தைகள் சேராமல் குப்பி திறப்பதில்லை.

தையல்காரி தன் பத்து மாதப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது புதனாக வந்திருந்தாள். நல்ல மழை; வேறு யாரும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருந்தது.

"ஆள் சேரலைம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் நர்ஸம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மீதி ஒன்பதையும் நானே பெத்து எடுத்துட்டு வந்துடறேன் நர்ஸம்மா. அதுவரைக்கும் அம்மை எங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுக் காத்திருக்குமா?"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. வருவது வரட்டும் என்று குப்பியைத் திறந்தார். குழந்தை வீறிட்டது. அந்த அழுகை கேட்டோ என்னவோ, ஒன்பது பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மழையில் வந்தும் நனையவில்லை. ஊருக்கு ஊசி வருவதற்கு முந்தின கோடையில் போனவர்கள். உடம்பில் அம்மைத் தடிப்புகள் அப்படியே இருந்தன. கடைசியாக உட்கார்ந்தது, நர்ஸம்மா பிறப்பதற்கு முன்பே இரண்டு வயதில் இறந்த அவருடைய அக்கா. வீட்டுச் சுவரில் உள்ள போட்டோவில் பார்த்த அதே முகம்.

"அக்கா, கையை நீட்டு."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா."

"இத்துனூண்டு பிள்ளையைப் போய் அக்காங்கறீங்களே!" என்று தையல்காரி சிரித்தாள்.

ஊசி ஏற ஏறத் தடிப்புகள் அடங்கின. வழக்கம்போல அரை மணி நேரம் உட்காரச் சொன்னார் நர்ஸம்மா. அரை மணி முடிந்தபோது பெஞ்ச் காலியாக, கொஞ்சம் சூடாக இருந்தது.

தையல்காரியின் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பதிவேட்டைப் பார்த்த மேலதிகாரி, ஒன்பது பேருக்குப் போன் நம்பர் இல்லை என்று மட்டும் குறை சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு எந்தப் புதனில் எத்தனை பேர் குறைகிறார்களோ, அத்தனை பேர் வருகிறார்கள். ஊர் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அக்கா எப்போதும் வரிசையில் கடைசி. ஒன்பது இடமும் காலியாக இருந்தால்தான் அவள் முறை வரும். ஆனாலும் செவ்வாய் தோறும் நர்ஸம்மா குடையை எடுத்துக்கொண்டு, விடுபட்ட பிள்ளைகளை வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டுவிட்டு வருகிறார்.