பின்னறையில் முப்பது நாள்

எங்கள் ஊரில் வலைப்பூவுக்கு பிளகின் என்னும் துணைநிரல் ஒன்றைச் சேர்த்தால், சாயங்காலத்துக்குள் அது பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிடும். அதனால் யாரும் யோசிக்காமல் சேர்ப்பதில்லை. சௌந்தரவல்லியும் யோசித்துத்தான் சேர்த்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தெருவில் பெய்யும் மழையை அளந்து தினமும் எழுதிவந்தாள். வலைப்பூ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வாசகர்களை எண்ணும் பிளகின் வந்தது. ஒடிசலான பெண். இரண்டு மாதம் வாசற்படியில் உட்கார்ந்து பூஜ்யம் பூஜ்யம் என்றே சொல்லி, வெட்கத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அடுத்து சௌந்தரவல்லி கருத்துப் பெட்டியைச் சேர்த்தாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, தொப்பை கரைக்கிறவர்களும் முடி வளர்க்கிறவர்களும் வந்து நடுக்கூடத்தை அடைத்தார்கள். ஆகவே குப்பை தடுக்கும் பிளகினையும் வரவழைத்தாள். மாசிலாமணி என்று பெயர். வேலையில் சுத்தம். வந்தவர்களையெல்லாம் பின்னறையில் போட்டுத் தாழிட்டான். முப்பதாம் நாள் அவர்கள் தாமாகவே அழிந்துபோவார்கள்.

தை மாதம் ஓசூரிலிருந்து மகன் ரகுபதி வந்தான். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன்.

"எப்படிம்மா இருக்க? மாத்திரை போடுறியா? காலைல கிளம்பணும்," என்றான் வாசலிலேயே.

மாசிலாமணி அவனையும் பின்னறையில் தள்ளினான்.

"அவன் என் மகன்ப்பா."

"இருக்கலாம்மா. முன்னால வந்தப்போ சொன்னதையெல்லாம் ஒப்பிட்டுப் பாத்துட்டேன். அஞ்சு வருஷமா ஒரே வாசகம். பதிலுக்கும் நிக்கிறதில்ல. குப்பைதான் இப்படி வரும். புதுசா ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, விட்டுடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? மாசிலாமணியை நீக்கிவிடலாம் என்றால், போகும்போது அறையில் இருப்பவர்களை அழித்துவிட்டுத்தான் போவான். தினமும் கதவிடுக்கில் வாயை வைத்து, "எதையாவது சொல்லுப்பா, உன் ஆபீசைப் பத்தியாவது சொல்லு," என்று கெஞ்சினாள். ரகுபதி நெடுநேரம் யோசிப்பது கேட்கும். பிறகு, "மாத்திரை போடுறியா?" என்பான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுவாள்.

இருபத்தொன்பதாம் நாள் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்."

அவனுக்குப் பின் உள்ளே வந்த ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வாசகம் அது. மாசிலாமணி ஒப்பிட்டுப் பார்த்தான். ரகுபதி இதுவரை சொன்னதில்லை. கதவைத் திறந்தான்.

ரகுபதி காபி குடித்தான். மறுநாள் காலைப் பேருந்தில் போய்விட்டான். பேருந்து தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றிருந்துவிட்டு, சௌந்தரவல்லி வீட்டுக்கு வந்து டம்ளரைக் கழுவினாள். பின்னறையிலிருந்து அந்த வாழ்த்துக்காரரின் குரல் கேட்டது.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

ரகுபதியிடம் கற்றுக்கொண்டது போலும். கேட்டுவிட்டு அந்தக் குரல் பதிலுக்கு நின்றது. அவள் டம்ளரைத் துடைத்து வைக்கும்வரை நின்றது.

"இன்னைக்குப் போடலப்பா," என்றாள்.

"ஏம்மா?"

மாசிலாமணி தானாகவே எழுந்துபோய்த் தாழை நீக்கினான்.

திங்கட்கிழமை சௌந்தரவல்லி அந்த ஆளின் பெயரை ரேஷன் கார்டில் மகன் என்று சேர்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மகனுக்குத்தான் இடம் இருந்ததால், ரகுபதியை அதே கார்டில் வாசகர் என்று மாற்றிக் கொடுத்தார்கள். வாசற்படியில் இருந்த பெண் எழுந்து நின்று, "ஒன்று," என்றாள்.