பூனைக்கும் புரட்டாசி

புரட்டாசி பிறந்த அன்று வெங்கடம்மாள் வீட்டுப் பாத்திரங்களோடு பூனையின் தட்டையும் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டாள். மாதம் முடியும்வரை கவுச்சி வாசலைத் தாண்டக்கூடாது, பூனைக்கும் தயிர்ச்சோறுதான் என்று சொல்லிவிட்டாள். மருமகள் கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணபதிப் பகுதியில் வீட்டை ஒட்டி அவர்கள் நடத்திய மோட்டார் காயில் கட்டும் பட்டறையில், எலித்தொல்லை தாங்காமல் கொண்டுவந்து விட்ட பூனை அது. மூன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டு அது திரும்பிப் படுத்தது. விலா எலும்பு துருத்தியது. குட்டிகள் காம்பைச் சப்பிச் சப்பிக் கத்தின. கணவன் தம்பிதுரையிடம் சொன்னால், அம்மாவிடம் நீயே பேசிக்கொள் என்று நழுவினான். ஓட்டலில் ஆம்லெட் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வரும் மகானுக்கு அதற்குமேல் என்ன தைரியம் இருக்கும்?

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் பூனைக்கென்றே பாக்கெட் தீனி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். புடவைக்குச் சேர்த்து வைத்த காசில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கினாள். பிஸ்கட் மாதிரி இருந்ததால் மாமியாரும் தடுக்கவில்லை. பூனை ஒன்றைக் கடித்துத் துப்பியது. மறுநாள் காலையில் மூன்றில் சின்னக் குட்டி விறைத்துக் கிடந்தது.

அதைப் புதைத்துவிட்டு வந்துதான் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் இருந்த இங்கிலீசைப் படித்தாள். முதலில் மக்காச்சோள மாவு, அடுத்தது நொய். மீன் என்பது வாசனைக்கு மட்டும். கோழிப்பண்ணைக்குப் போகிற சோளத்துக்குச் சாயம் பூசி, அட்டையில் பூனைப் படம் போட்டு விற்றிருக்கிறார்கள். நேரே கடைக்குப் போய்க் கேட்டாள். கடைக்காரர் திருமலைசாமி சிரித்தார்.

"பூனைக்கு இங்கிலீசு தெரியுமாங்க அம்மணி?"

"எனக்குத் தெரியுமுங்க," என்று பாக்கெட்டை அவர் மேசைமேல் கவிழ்த்துவிட்டு உக்கடம் பஸ் ஏறினாள்.

மீன் மார்க்கெட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ஊர் விரதம். செவுள் சிவந்த புது மத்தி, அள்ளிக்கொண்டு போ என்கிற விலையில் குவிந்து கிடந்தது. வருஷத்திலேயே நல்ல மீன் மலிவாகக் கிடைக்கிற மாதத்தில்தான் இந்தப் பூனை பட்டினி கிடக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. கையில் மிஞ்சியிருந்த சில்லறைக்கே ஒரு பை நிறைய வந்தது.

பட்டறைக் குழாயடியில் கல் கூட்டி, உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்துத் தட்டில் வைத்தாள். வாசம் வீட்டை எட்டியதும் வெங்கடம்மாள் வந்துவிட்டாள். குடும்பத்துக்கு ஆகாது, பெருமாள் சும்மா விடமாட்டார் என்று பொரிந்து தள்ளினாள். கீதா எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க அத்தை, பாப்பா பொறந்தப்ப எனக்குப் பால் பத்தலைன்னு இதே புரட்டாசியில கருவாட்டுக் கொழம்பு வெச்சுக் குடுத்தது யாருங்க? பெத்தவளுக்கு வெரதமில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நீ மனுசி. அது பூனை."

"பூனைதானுங்க. அதும் குட்டி ஒண்ணு வெரதமிருந்தே செத்துப்போச்சு. அந்தப் புண்ணியம் யாருக்குன்னு பெருமாள்கிட்டயே கேட்டுப்போட்டு வாங்க."

வெங்கடம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. பூனை தின்று முடித்துப் படுத்து, இரண்டு குட்டிகளும் முட்டிமோதிக் குடிக்கத் தொடங்கும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.