பெரியவர் வாசல்

இம்ரான் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து கடைக்குள் நுழைந்தான். முழுதாகத் திறந்தால் யாராவது வந்து வாஷர் கேட்பார்கள். முதலாளி மௌத்தான அன்றைக்கும் ராஜபாளையத்தில் வாஷர் கேட்க ஆள் உண்டு. அதற்குப் பேரம் பேசவும் ஆள் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில், வீட்டில், இறந்துபோன அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அங்கே நிற்க வேண்டிய மகன் இங்கே மோட்டார் பெட்டிகளுக்கு நடுவே நின்றான். அம்மா மாஜிதா காலையில் கேட்ட ஒரு கேள்விதான் அவனை இங்கே விரட்டியிருந்தது.

"அஞ்செச்பிக்குச் சொல்லியாச்சாடா?"

அந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருமுறை அவன் காதில் விழுந்திருந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அத்தா அசன் முகம்மது மாஸ்க்கை ஒதுக்கிக்கொண்டு இதையேதான் கேட்டார். தண்ணி மோட்டார் விற்கிற குடும்பத்தில் அஞ்சு எச்.பி. என்றால் மோட்டார்தான். இந்தக் கிடையிலும் ஆர்டரை விசாரிக்கிறாரே என்று நினைத்து, "சொல்லியாச்சுத்தா, நாளைக்கு வந்துரும்" என்றான். அத்தா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை.

"மோட்டாருன்னா நெனைச்ச? இருளப்பசாமி அண்ணன்டா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிளவக்கல் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். கடை போட்ட புதிதில் முதல் அஞ்சு எச்.பி. மோட்டாரை வாங்கியவர். அதற்கப்புறம் அத்தாவின் வாயில் அந்த மனிதருக்கு வேறு பெயரே வந்ததில்லை. "அவிய வந்து மொகத்தைப் பாக்காம எடுத்துராதீங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எடுக்காமல் இருக்கலாம், சொல்ல நம்பர் வேண்டுமே. அத்தாவின் போனில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். "போனு தொலைஞ்சு போகும். கம்ப்யூட்டரு எங்கிட்டு நடந்து போகும்?" என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர் நம்பரெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில், அவருடைய பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்குள் இருந்தன.

வம்பே அந்தச் சாஃப்ட்வேரால் வந்ததுதான். அது பழைய வெர்ஷன் டேட்டாபேஸில் மட்டும்தான் ஓடும். இம்ரான் கொண்டுவந்த ஜிஎஸ்டி சாஃப்ட்வேருக்கோ புது வெர்ஷன் வேண்டும். "பழசைத் தூக்கிருவோம்" என்றான் மகன். "மொத என்னையத் தூக்கிட்டு அதைத் தூக்கு" என்றார் அத்தா. கடைசியில் கிருஷ்ணன்கோவிலில் படித்துவிட்டு உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிவபாண்டி வந்து, இரண்டு வெர்ஷனையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட வைத்துவிட்டுப் போனான். கம்ப்யூட்டர் சமாதானமாகிவிட்டது. அப்பனும் மகனும் ஆகவில்லை. வீட்டில் சோற்றுக்கு மட்டும் பேச்சு. கடையில் அதுவும் கிடையாது. ஆள் வந்தால், "முதலாளிகிட்டக் கேளுங்க" என்பான் இவன். "புது வெர்ஷன்கிட்டக் கேளுங்க" என்பார் அவர். வந்தவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். "பழைய வெர்ஷன்ல எம்புட்டு, புது வெர்ஷன்ல எம்புட்டு?" என்று இரண்டு பக்கமும் கேட்டு, குறைந்த பக்கம் போய் நின்றார்கள்.

கம்ப்யூட்டர் திணறும்போதெல்லாம் இம்ரான் பல்லைக் கடித்தான். பழசு முன்னால் வந்து மொத்த இடத்தையும் வளைத்துப் போட்டிருக்கிறது என்பது அவன் எண்ணம். ஒரு நாள் அது தன் கைக்கு வரும், வந்ததும் அழித்துவிட வேண்டும் என்று சிவபாண்டியிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

இப்போது கைக்கு வந்துவிட்டது. பழைய சாஃப்ட்வேரைத் தட்டினான். பெயர் கேட்டது, அசன் என்று அடித்தான். கடவுச்சொல் ஊருக்கே தெரியும், அம்மாவின் பெயர்தான். திரையில் சிவப்பாக ஒரு வரி இங்கிலீஷில் வந்தது. அசன் என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இம்ரான் அதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிவபாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, எங்க இருக்கீய? இங்க வீட்டுல எல்லாரும் ஒங்களத் தேடுதாவ."

"கடையில. அத்தாவோடது தெறக்க மாட்டேங்குதுடா. அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

"நீங்க ஒங்க வாசல்ல நின்னுக்கிட்டு அவரைக் கேட்டா இல்லைன்னுதானண்ணே சொல்லும்?"

"வெளங்குற மாதிரிச் சொல்லு."

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்ணே. ஆளுக்கொரு வாசல், வாசலுக்கொரு நம்பரு. மெயின் நம்பர்ல தட்டுனா ஒங்க புதுசுதான் வந்து எட்டிப்பாக்கும். அதுக்குப் பெரியவரைத் தெரியாது. அவரு தெனமும் காலையில நம்பரை மாத்திப் போட்டுத்தான் உள்ள போவாரு."

"மொதல்ல இருந்தது அவரோடதுதான? மெயின் வாசல் எப்படிடா எனக்கு வந்துச்சு?"

போனில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. சிவபாண்டி கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போகிறான் போலிருந்தது.

"வந்த வரிசைக்கு நானும் அப்படித்தாண்ணே வைக்கப் போனேன். அவரு விடலை. 'ஏலே, நாலு பேரு வந்து போற வாசலை அவனுக்குக் குடு. எனக்குக் கொல்லைப்பக்கம் போதும்'னாரு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வேற. 'சொன்னா பேரம் படிஞ்சிருச்சுன்னு நெனைச்சுருவான்'னாரு."

மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தாவின் நாற்காலி, மெத்தை அமுங்கினபடியே கிடந்தது.

"அந்த வாசல் நம்பரைச் சொல்லு" என்றான் இம்ரான்.

சொன்னபடி மாற்றிப் போட்டான். திரை கறுத்துப் பிறகு திறந்தது. இருளப்பசாமி என்று தேடினான், இல்லை. அத்தா எந்த வாயால் கூப்பிட்டாரோ அந்த வாயால்தானே எழுதியிருப்பார் என்று தோன்றியது. அஞ்சு எச்.பி. என்று அடித்தான். அந்த மோட்டாரை வாங்கினவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். அந்தப் பெயரில் ஆள் ஒருவர்தான் வந்தார்.

கடைப் போனிலிருந்தே கூப்பிட்டான். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் இரைச்சல்.

"ஏலே அசனு! இன்னும் உசுரோடதான் இருக்கியா? ஒன் மோட்டாரு இன்னைக்கும் ஓடுதுலே, நாந்தான் ஓட முடியல..."

"மாமா, நான் இம்ரான் பேசுதேன்."

சிரிப்பு நின்றது. அவன் விஷயத்தைச் சொன்னான். சற்று நேரத்தில் மோட்டார் சத்தமும் நின்றது.

"வாரேன். எடுத்துராதீய."

அசர் முடிந்தும் வீட்டிலிருந்து மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு நகரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் இரண்டு முறை இம்ரானைப் பார்த்தார். அவன் தெருமுனையைப் பார்த்தான். யாருடைய வண்டியின் பின்னாலோ தொற்றிக்கொண்டு இருளப்பசாமி வந்து இறங்கினார். முழங்கால்வரை தோப்புச் சேறு காய்ந்திருந்தது. முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள்.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம்லலே" என்றார் அவர், படுத்திருந்தவரிடம்.

இம்ரான் வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ, "நேரமாச்சு" என்றார்கள்.

மண் போட்டுவிட்டுத் திரும்புகையில் சிவபாண்டி பக்கத்தில் வந்து நடந்தான். "அண்ணே, கடையில ரெண்டையும் ஓட விட்டுட்டே வந்துட்டீயளா? பழசை எடுத்துரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீய..."

"நாளைக்குக் காலையில நம்பரை மாத்திப் போடணும்ல" என்றான் இம்ரான், விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தட்டாமல். "அதை இன்னொருக்கச் சொல்லு. மறந்துருவேன்."

வீட்டு முன்வாசலில் துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்து நின்றார்கள். அவன் சந்து வழியாகச் சுற்றிப் போய்க் கொல்லைக் கதவைத் தொட்டான். தாழ் போட்டிருக்கவில்லை.