இரண்டு உயிருக்கு ஒரு சேவல்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் வீட்டுப் புறவாசலில், புகைக்கு நடுவே கிடைத்தது. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வாசகசாலையிலிருந்து அண்ணன் எடுத்துவரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கதைகள் பனி கொட்டும் சாலைகளில் பிறக்கின்றன. அதனால் முதலில் இப்படி எழுதினேன்:

'வெண்பனி மூடிய தோட்டத்தில் நெருப்பு மெல்ல எரிந்துகொண்டிருந்தது. தொலைவில் குதிரை வண்டியின் மணியோசை...'

சங்கரன்கோவிலில் பனி கொட்டுவதில்லை. அது பங்குனி மாதம். ஒன்பது மணிக்கே மண் சுட்டது. விருந்தாளிகளும் குதிரை வண்டியில் வரவில்லை. கடையநல்லூரிலிருந்து காலை ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'அந்தச் சேவலுக்குத் தன் விதி தெரிந்திருக்க...'

வேண்டாம். சேவலை விட்டுவிடுகிறேன். மனிதர்களைச் சொல்கிறேன்.

2

என் அய்யா சங்கரபாண்டி (அப்பாவை எங்கள் வீட்டில் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்) ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அதே ஆலையில் மைதீன் பாட்சாவும் இருந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் இருவரும் சேர்ந்து காட்டு வழியே நடந்து வந்தார்கள். பசியும் காய்ச்சலுமாய்க் கிடந்த ஓர் இடத்தில் அய்யா எங்கள் குலசாமி மாடசாமிக்கு நேர்ந்துகொண்டார்: இரண்டு பேரும் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரு சேவல்.

கல்கத்தாக் கூட்டத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அய்யா வந்து சேர்ந்தார். பாட்சா வந்தாரா என்று ஐந்து வருஷமாகத் தெரியவில்லை. ஆகவே நேர்ச்சையும் நின்றுபோயிற்று. ஓர் உயிருக்கு மட்டும் என்று சேவலைப் பாதியாகவா வெட்ட முடியும்? போன மாதம் பருத்திச் சந்தையில் யாரோ, பாட்சா ஊரில்தான் இருக்கிறார் என்று சொன்னார்கள். அய்யா அன்றே கார்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவதாகப் பதில் வந்தது.

நேர்ச்சைக் கறியை நாங்கள் வீட்டு அடுப்பில் ஏற்றுவதில்லை. புறவாசலில் மூன்று கல் கூட்டி, புதுச் சட்டியில் சமைக்க வேண்டும். யார் உயிருக்காக நேர்ந்ததோ அவர்கள் அதில் ஒரு துண்டாவது சாப்பிட வேண்டும். ஞாயிறு விடிந்ததும் அய்யா கோவிலுக்குப் போய்த் தம் கையாலேயே சேவலை அறுத்துவந்து என்னிடம் கொடுத்தார்.

(இந்த இடத்தில் கதாசிரியை ஒரு கையில் ஓலை விசிறியும் மடியில் ஒரு நாவலுமாக உட்கார்ந்திருக்கிறாள். அதனால் குழம்பு ஒரு தடவை பொங்கி நெருப்பை அணைத்தது. அம்மா திட்டியதை எழுதப்போவதில்லை.)

3

மகபூப் பீவியை எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவருக்குச் சோகம் ததும்பும் பெரிய கண்களைக் கொடுத்திருந்தேன். அவை ஒரு ருஷ்யச் சீமாட்டியின் கண்கள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் பாட்சாவின் மனைவி குள்ளமானவர், வாய் ஓயாதவர். வந்ததும் நேரே புறவாசலுக்கு வந்து, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுப்பில் எரிந்த காய்ந்த பருத்திக் குச்சிகளில் பாதியை வெளியே இழுத்தார்.

"ஏளா, பருத்திமார இப்படி அள்ளித் திணிச்சா புதுச் சட்டி தாங்குமா? ஒடமரத்து வெறகு இருந்தா ரெண்டு எடு."

எடுத்துக் கொடுத்தேன். தீ அடங்கி நிதானமாக எரிந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"நல்ல வாசம். பள்ளிவாசல்லேந்து மோதியாரு வந்து ஓதி அறுத்தாரோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாரிஸ் நகரத்துத் தெருக்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கிறவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

என் நோட்டில் இங்கே மூன்று பதில்கள் இருக்கின்றன. 'ஆமா மாமி.' 'எனக்குத் தெரியாது மாமி.' மூன்றாவதுதான் நான் சொன்னது.

"இல்ல மாமி. அய்யாதான் அறுத்தாக. மாடசாமி கோவில்ல. நேர்ச்சைச் சேவலு."

"ஆருக்கு நேந்தது?"

"ரெண்டு பேருக்கும். உசுரோட வரணும்னு."

அவர் மூடியைத் திரும்ப வைத்தார். நான் படிக்கும் நாவல்களில் இந்த இடத்தில் நான்கு பக்கத்துக்கு மனவோட்டம் வரும். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஒரு குச்சியை உள்ளே தள்ளிவிட்டது தெரியும்.

"வேற சாமிக்கு அறுத்தத நாங்க தொட மாட்டோம்ளா," என்றார் மெதுவாக. "ஆனா அவுக உசுருக்குன்னு நேந்தத எப்படி வேண்டாங்க?" பிறகு எழுந்தார். "நீ பேசாம இரி. நான் அவுகள்ட்ட சொல்லுதேன்."

4

கல்யாணத்துக்கு நிற்கும் பெண் அயல் ஆண்களின் பந்தியில் நிற்கக் கூடாது. ஆகவே இந்தக் கதையின் முக்கியமான இடத்தில் இதை எழுதுகிறவள் சுவருக்கு வெளியே இருக்கிறாள். கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அய்யா, தங்கச்சியும் உட்காரட்டும் என்று பீவியையும் உட்காரவைத்தார். அம்மா சோறு போட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். கறியை அய்யாதான் பரிமாறினார்.

"பாச்சா, ஈரலு ஒனக்கு."

(இங்கே ஒரு மௌனம். அதைப் பதினான்கு தடவை எழுதிப் பார்த்தேன். 'காலமே நின்றுவிட்டது போல...' இல்லை. ஒரு காக்கை கத்தியது.)

"வே பாண்டி, காட்டுக்குள்ள ஒரு கெழங்குக்கு எங்கூட மல்லுக்கு நின்ன ஆளு நீரு. இன்னைக்கு ஈரலு வைக்கீரு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பாட்சாவின் குரல் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் அவர் மட்டும் பேசினார், வார்த்தைகள் கேட்கவில்லை.  வெகு நேரம் கழித்து அய்யா, ரசம் கொண்டுவரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் பீவி தம் இலையையும் கணவரின் இலையையும் மடித்துத் தாமே எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தார். விருந்தாளி இலை எடுக்கலாமா என்று அம்மா பதறி ஓடிவந்தாள்.

"அண்ணன் வீட்டுல எலை எடுக்க ஆருகிட்ட கேக்கணும்?" என்று சொல்லி, எருக்குழி ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

5

சாயங்கால ரயிலுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்து அய்யா அடுப்புக் கற்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். கங்கு இன்னும் இருந்தது.

"யோசிக்கவே இல்லயேட்டி," என்றார். "அவனுக்காவத்தான் அறுத்தேன். அவன யோசிக்கல."

பாட்சா மாமா சாப்பிட்டாரா என்று கேட்டேன். அய்யா கங்கின் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போனார்.

முடிவு என்று இரண்டு எழுதினேன். ஒன்றில் பாட்சா ஒரே ஒரு துண்டைச் சாப்பிடுகிறார். மீதியைத் தமக்கும் தம் இறைவனுக்கும் நடுவில் விட்டுவிடுகிறார். இன்னொன்றில் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்கிறார். அய்யா அந்தத் துண்டுகளைத் தம் இலைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு பேருக்குமாகச் சாப்பிடுகிறார். ஒருநாள் முதலாவது சரியாகத் தோன்றுகிறது. அடுத்த நாள் இரண்டாவது. நடந்தது மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் சொல்லவில்லை.

அந்த இரண்டு இலைகளும் மடித்தபடி எருக்குழி ஓரத்தில் கிடக்கின்றன. உள்ளே எலும்பு இருக்கலாம், முழுத் துண்டு இருக்கலாம், வெறும் ரசச் சோறு ஒட்டியிருக்கலாம். இரண்டு தடவை குனிந்தேன், பிரிக்கவில்லை. நீங்கள் பிரிப்பதானால் சீக்கிரம் பிரியுங்கள். எங்கள் தெரு நாய் வாசம் பிடித்துவிட்டது.