கைமாறி வந்த கிண்ணம்

வெள்ளிக்கிழமை என் சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த டாக்குத்தர், "கசம்தான், ரீச்சர். நெஞ்சிலை பிடிச்சிட்டுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை உடுவில் வேதக் கோவிலில், தோய்த்து மடித்த வெள்ளைச் சேலையோடு, ஒன்றும் நடவாதவள் போல நான் உட்கார்ந்திருந்தேன்.

என்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவளைக் காண முடியாது. சபையின் பெண்கள் கூட்டத்தில் மாதந்தோறும் சுகாதாரப் பாடம் எடுப்பவள் நான். கசக் கிருமி, அதுதான் காசநோய்க் கிருமி, இருமலோடு பறக்கும், துப்பலில் இருக்கும், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்கக்கூடாது என்று தொண்டை வறளச் சொன்னவள்.

ஆனால் அடுத்த மாதம் என் மகள் மனோன்மணிக்குக் கலியாணம். கசம் பிடித்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அதனால் மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தங்கமுத்து அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்தார். அன்று திருவிருந்து. ஒரே கிண்ணத்தில் ஒவ்வொரு வாய் குடித்துக் கைமாற்ற வேண்டும். அயலில் சைவச் சனம் செம்பை வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பதை நாங்கள் பகிடி பண்ணுவோம். இப்போது அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

வெள்ளைக்காரப் பாதிரியார் ஜெபித்து முடித்தார். கிண்ணம் என்னிடம் வந்தது. நான் குடிக்காமல் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் முகம் கறுத்தது. யாரோடாவது மனத்தாங்கல் உள்ளவர்தான் எங்கள் சபையில் குடிக்காமல் விடுவது.

"என்னோடை என்ன கோபம், பொன்மலர்?" என்று காதோடு கேட்டார். "கூறைச்சீலை எடுத்த கதையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப குடியும். நீர் குடிச்சாத்தான் நானும் குடிப்பன்." கிண்ணத்தை என் வாயருகே பிடித்தார்.

நல்ல மனுசி. சம்பந்தி கோபித்துவிட்டாளே என்று துடிக்கிறார். பாட்டுக்குழுவில் நின்ற மனோன்மணி எங்களையே பார்த்தாள். ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குள் ஒரு பிசாசு சொன்னது.

"எனக்குக் கசம், அக்கா" என்றேன். அதோடு இருமலும் வந்துவிட்டது.

அவர் கிண்ணத்தை உதட்டில் வைக்காமலே அடுத்தவளிடம் கொடுத்தார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

பெண்கள் கூட்டத்துக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் வருபவர் அவர். நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்.