காம்பவுண்டு வாடை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரே வாசல், ஒரே குழாய், ஆறு வீடு என்று ஒரு காம்பவுண்டு இருக்கிறது. அதில் நான்காவது வீடு என்னுடையது. ஐந்தாவதில் துளசிராமும் அவர் மகள் வித்யாஸ்ரீயும். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் வீட்டிலேயே கேக்கும் பிரவுனியும் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறாள். ஆக, அந்தச் சுவரைத் தாண்டி எனக்குச் சாக்லேட் மணமும் வரும், கதையும் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருட்டு அவள் கரண்டியில் உருகிக்கொண்டிருந்தது, மெல்ல, இனிப்பாக, ஒரு..."

வித்யாஸ்ரீயிடம் படித்துக் காட்டினேன். "என்னண்ணே, கரண்டு போயிருச்சா?" என்றாள். அந்த வாக்கியத்தை அந்த 'ஒரு'வோடு அப்படியே விட்டுவிட்டேன். விரும்புகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம்.

2

இரண்டாவது தொடக்கம்: "உமேஷ் சாக்லேட்டை நேசித்தான்."

இது பொய்யில்லை. ஆனால் உமேஷ் நேசித்தது சாக்லேட்டுக்கு மார்க் போடுவதை. கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். பகலெல்லாம் வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கைப்பிடி கோணல் என்று தள்ளிவைப்பான். சாயங்காலம் அதே முகத்தோடு சாக்லேட்டைத் தூக்கிப் பிடிப்பான். 'நாக்கே சாட்சி' என்று செல்போனில் ஒரு பக்கம் நடத்துகிறான். அதைப் பார்க்க ஆட்களும் இருக்கிறார்கள்.

சாக்லேட்டுக்காகவே ஒருமுறை பஸ் ஏறிக் கொடைக்கானல் போனான். வாங்கிய கட்டி வத்தலக்குண்டு வருவதற்குள் குழம்பாகிவிட்டது. கவரின் மூலையைக் கடித்துக் குடித்துவிட்டு, "உருவம் இல்லை, உண்மை உண்டு, பத்துக்கு ஏழு" என்று எழுதினான். கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் சாக்லேட் டீ வாங்கி, இதில் கொக்கோ எத்தனை சதவீதம் என்று கேட்டான். கடைக்கார பாய், "தம்பி, கிளாஸ் சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க" என்று மட்டும் சொன்னார். தானே குக்கரில் ஒரு கேக் செய்து, அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்துக்கொண்டான். அந்த ஒரு மார்க் தன்னடக்கத்துக்காகக் குறைத்தது.

[அடிக்குறிப்பு இங்கேயே: இப்படி ஒருவன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம் வந்து, வாளிக் கம்பெனியை எடுத்துவிட்டு அவனை வங்கியில் சேர்க்கப் பார்த்தேன். வித்யாஸ்ரீ விடவில்லை. "இருக்காருண்ணே. ஞாயித்துக்கிழமை என்னையப் பொண்ணு பாக்க வாராரு."]

3

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன், கதையில் வேறு எதையும் நான் நேராக எழுதப்போவதில்லை. அந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் பார்த்துவந்தவள், ஜாதகம் வந்ததும் தானே சரி என்றவள். "என் கேக்க சாப்பிடுறவங்க எல்லாரும் சூப்பருன்னுதாண்ணே சொல்றாங்க. அவரோடது பொய் சொல்லாத நாக்கு" என்றாள்.

ஞாயிறு கேசரி இல்லை, பஜ்ஜி இல்லை. எவர்சில்வர் தட்டில் பிரவுனி. மாப்பிள்ளையின் அம்மா கேட்ட ஒரே கேள்வி, முட்டை போட்டிருக்கா என்பது. போடவில்லை. அதற்குப்பின் அவர்கள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த மொழி வராது. எனவே இந்தக் கதையின் மிக முக்கியமான உரையாடல் இந்தக் கதையில் இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. உமேஷ் கிளம்பும்போது, வாசலில் நின்ற என்னிடம் தமிழில், "நல்லா இருந்துச்சுங்க" என்றான்.

வீடு போய்ச் சேர்ந்ததும் அவன் பக்கத்தில் ஒரு படம் வந்தது. "வீட்டில் செய்த பிரவுனி. காம்பவுண்டு வாடை. பத்துக்கு நாலு." யார் வீடு என்று எழுதவில்லை, அவ்வளவு நாகரிகம் தெரிந்தவன். ஆனால் படத்தில் தட்டின் விளிம்பு இருந்தது. விளிம்பில், பாத்திரக்கடையில் பேர் வெட்டிக்கொண்டது: துளசிராம்.

4

(சாக்லேட் தெரியாதவர்களுக்கு: கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய்க் கொழுப்பு சேர்த்துச் செய்யும் மலிவு சாக்லேட்டுக்குக் 'காம்பவுண்டு' என்று பெயர். மதுரை தெரியாதவர்களுக்கு: காம்பவுண்டு என்றால் நாங்கள் குடியிருப்பது.)

முதல் வீட்டுச் செல்லத்தாய்க்கு இரண்டாவது அர்த்தம்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். செய்தி பார்த்ததும் நான் முதலில் என் சட்டையை மோந்து பார்த்தேன்.

"நம்ம காம்பவுண்டுல வாடையாம்ல வாடை" என்று குழாயடியில் நின்று செல்லத்தாய் சொன்னது ஆறு வீட்டுக்கும் கேட்டது. "பொண்ணு பாக்க வந்தவன் பொண்ணப் பாக்கணும். சாக்கடைய எதுக்குப் பாத்தான்?"

அப்புறம் நடந்ததை நம்ப மாட்டீர்கள். வீட்டுக்காரருக்குப் போன் போனது. யார் சொல்லியும் அசையாத மனுஷன் மறுநாளே ஆள் வைத்துச் சாக்கடையை அள்ளினார். பிளீச்சிங் பவுடர் கோலம் மாதிரி விழுந்தது. எழுத்தாளன் என்ற முறையில் நான் ஒரு கண்டன அறிக்கை எழுதினேன். அது நன்றாக வந்திருப்பதாகச் செல்லத்தாய் பாராட்டி, அதில் ஊதுபத்தியைச் சுருட்டி வைத்தாள்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வித்யாஸ்ரீ கூப்பிட்டாள்.

"அண்ணே, அவர் சொன்னது வீட்ட இல்ல. பிரவுனிய."

விளக்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும்.

"அப்ப அவன் சொன்னது பொய்தானே?"

"நெசம்ணே. காம்பவுண்டுதான் போட்டேன். அசல் போட்டா நம்ம ஏரியாவுல யாரு வாங்குவா? ஊருக்கெல்லாம் போடுறதத்தான் அவருக்கும் போட்டேன். அவருக்கு மட்டும் வேற செஞ்சா அது ஏமாத்து இல்லையா?"

அந்தப் பக்கம் கரண்டியைக் கழுவிவைக்கும் சத்தம் கேட்டது.

"கண்டுபிடிச்சது தப்பில்ல. எங்கிட்ட நல்லா இருக்குன்னுட்டு ஊருக்கு வேற சொன்னாரு பாருங்க."

அவள் அழவில்லை என்று எழுதினால் பாத்திரம் கம்பீரமாக நிற்கும். அழுதாள்.

"செல்லத்தாயிட்ட வெவரத்தச் சொல்லிரவா?" என்றேன்.

"வேண்டாம். அவரே வந்து சொல்லட்டும்."

5

எங்கள் காம்பவுண்டுச் சத்தம் கப்பலூர் வரை போயிருக்க வேண்டும், உமேஷ் வந்தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு தனியாக வந்தான். ஆறு வாசலிலும் ஆள் நின்றது. கையில் பேனாவோடு நின்றது நான்.

"வாங்க தம்பி" என்றாள் செல்லத்தாய். "மோந்து பாத்துட்டு உள்ள வாங்க. இன்னிக்கு எம்புட்டு மார்க்குன்னு சொல்லுங்க."

"ஆத்தா, நான் சொன்னது இந்தக் காம்பவுண்ட இல்ல. அது சாக்லேட்டுல ஒரு வகை. கொக்கோ பட்டருக்குப் பதிலா..."

"எங்க தட்டுல தின்னுட்டு எங்க காம்பவுண்டுன்னு எழுதிப்புட்டு, இப்ப வகைங்கிறீக."

அவன் வியர்த்தான். வாளிகள் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. அப்போது வித்யாஸ்ரீ அதே எவர்சில்வர் தட்டுகள் இரண்டோடு வெளியே வந்தாள். தட்டுக்கு ஒரு துண்டு பிரவுனி.

"ஒண்ணு அசல், ஒண்ணு காம்பவுண்டு" என்றாள். "எதுன்னு சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் அப்பா உங்க வீட்டுக்குப் பேசுவாரு, இல்ல பேச மாட்டாரு."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: சுவர் வழியாக எனக்குத் தெரியும், அன்று அவள் கேக் அடுப்புக்குள் போனது ஒரே ஒரு ட்ரே.

அவன் முதல் தட்டைச் சுவைத்தான். கண்ணை மூடினான். இரண்டாவதைச் சுவைத்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அந்த நாக்குக்குத் தெரிந்துவிட்டது.

6

முடிவு ஒன்று எழுதினேன்: அவன் இடது தட்டைக் காட்டி, "இதுதான் அசல், அருமை" என்கிறான். செல்லத்தாய் குலவை போடுகிறாள். கல்யாணம். வித்யாஸ்ரீ படித்துவிட்டு, "அப்ப ஆயுசுக்கும் என் கேக்க சூப்பருன்னே சொல்லுவாரு" என்று அடித்துவிட்டாள்.

முடிவு இரண்டு: அவன் கொழுப்பு வகைகளைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறான். எல்லாம் சரியாகப் பேசுகிறான். குழாயில் தண்ணீர் வந்துவிட, எல்லாரும் குடத்தோடு போய்... இதை நானே அடித்தேன்.

மூன்றாவது முடிவில் அவன் உண்மையைச் சொல்கிறான். ரெண்டுமே காம்பவுண்டுதான் என்கிறான். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை வரவேண்டும். 'வெறும்' என்றும் வரலாம், 'நம்ம' என்றும் வரலாம். சாக்லேட் கணக்கில் இரண்டும் உண்மைதான். நான் ஒன்றைப் பென்சிலில் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் ரப்பர் எடுத்து, காகிதம் கிழியாமல் அழித்தாள்.

"அவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்ணே. படிக்கிறவங்க அந்த எடத்துல நின்னா என்ன சொல்லுவாங்கன்னு பாக்கணும்."

அதனால் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

"ரெண்டுமே (                    ) காம்பவுண்டுதான்."