இறங்கும் முள்

...இறங்கவில்லை, இன்னும் இறங்கவில்லை, அழுத்தமானியின் முள் இருபதிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது, நாற்பது நிமிடமாக. காலையில் என்ன சமர்த்தாக இறங்கியது! ஃப்ளோரின் சேர்ந்த வாயுவை உலைக்குள் நிரப்பி வால்வை மூடியதுதான் தாமதம், தண்ணீர் அதைக் குடித்துக் குடித்துப் பாலாக வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக... உருண்டையில் ஒரு குறையும் இல்லை, அதன்மேல் வேறொரு வாயுவால் தோல் போர்த்தத்தான் இந்த இரண்டாம் கட்டம், முள் இறங்கித் தோல் பிடித்தால் சரக்கு, பிடிக்காவிட்டால் கழிவுத்தொட்டி. ஏற்கெனவே இரண்டு முறை தொட்டிக்குத்தான் போனது. இதுவும் போனால் இந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார், மூடட்டுமே, அவள் வேதியியல் படித்தவள், வேறு இடம் கிடைக்கும், அண்ணனுக்கு?

கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலையை ஒட்டி நிற்கிறான் அண்ணன். இதே உலையில் இரண்டு ஷிப்டு பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தான், இப்போது அவள் சொல்வதைக் கேட்டு வால்வு திருப்புகிறான், நாலு பேர் முன்னால் மேடம், ஆளில்லாதபோது பாப்பா. சின்ன வயதில் அவள் எதை உடைத்தாலும் நான்தான் உடைத்தேன் என்று முதுகைக் காட்டியவன். அவனுக்காகத்தானே செய்தாள்? பத்து நிமிடத்துக்கு முன் அவன் முகம் கழுவப் போன நேரத்தில், வினையைத் தொடக்கிவிடும் மருந்தில் இன்னொரு குடுவையை உள்ளே விட்டாள், பதிவேட்டில் எழுதவில்லை. தப்பு, தப்பென்று தெரியும். எங்கோ காற்று புகுந்திருந்தால் அதுதான் வினையைப் பிடித்து நிறுத்தியிருக்கும், அது தீர்ந்ததும் உள்ளே கிடக்கும் மருந்து மொத்தமும் ஒரேயடியாக... இதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் எடுத்தவளே அவள்தான். ஒரு குடுவைதானே, குளிர்நீர் தாங்கும், தாங்காதா?

"பாப்பா, எறங்குது! பாத்தியா?" ஒலிபெருக்கியில் அண்ணன் குரல், குழந்தை நடந்துவிட்டதைப் போல ஒரு சந்தோஷம். பத்தொன்பது. பதினெட்டு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். பதினைந்து... ஏன் இவ்வளவு வேகம்? வெப்பம் எழுபத்திரண்டு, எழுபத்தாறு, குளிர்நீர் முழுதும் திறந்துதானே இருக்கிறது? மருந்து அலமாரியைப் பார்த்தாள். காலையில் நான்கு குடுவை, உருண்டைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, அவள் களவாக விட்டது ஒன்று, மிச்சம் ஒன்று இருக்க வேண்டுமே... நான்கும் காலி.

"அண்ணா, நீ மருந்து ஏதாவது விட்டியா?"

"நீ டீ குடிக்கப் போனப்ப ஒண்ணு விட்டேன். எழுதல. உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

எண்பத்து மூன்று. வினையைக் கொல்லும் சிவப்புக் குமிழ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அமுக்கினால் சரக்கு போகும், பிரிவு போகும், போகட்டும், அமுக்கினாள். ஓடு அண்ணா, வெளியே ஓடு என்று கத்தினாள். அவன் புரியாமல் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துச் சிரிக்கிறான், எண்பத்து ஆறு, இன்னும் ஏறுகிறது... கத்தினாள், சரி, உடனே கத்தினாளா? அவன் விட்டேன் என்று சொன்ன அந்த நொடி, கைக்கும் வாய்க்கும் முன்னால், தப்பு என்னுடையது மட்டுமில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வந்து போனதே, அது எவ்வளவு நேரம் இருந்தது?